சாஃப்ட்னர் வாங்கும் முன் சொட்டுகளை எண்ணுங்கள்

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் பெரியம்மா வீட்டுக்கு ஒரு விற்பனையாளர் வந்தார். குழாய்த் தண்ணீரை ஒரு கிளாஸில் பிடித்தார், தான் கொண்டுவந்த பாட்டில் தண்ணீரை இன்னொரு கிளாஸில் ஊற்றினார், இரண்டிலும் கம்பி வைத்த ஒரு சின்ன மெஷினை இறக்கி பிளக்கை மாட்டினார். ஒரு நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் துருப் பிடித்த மாதிரி பழுப்பாகி, மேலே நுரை கட்டி, பார்க்கவே வயிற்றைப் புரட்டும் நிலைக்கு வந்துவிட்டது. அவர் தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. "இதையா இத்தனை வருஷம் குடிச்சோம்?" என்று பெரியம்மா பதறிப்போய், கையில் இருந்த நாலாயிரம் வெள்ளியைக் கொடுத்து கடின நீரை மென்மையாக்கும் வாட்டர் சாஃப்ட்னர் ஒன்றைப் பொருத்திக்கொண்டார்.

அந்தப் பழுப்பு தண்ணீரிலிருந்து வந்ததே இல்லை. மெஷினில் இருக்கும் இரும்புக் கம்பி மின்சாரத்தில் கரைந்துதான் அந்த நிறம் வருகிறது. தண்ணீரில் கொஞ்சம் தாது இருந்தால்தான் மின்சாரம் பாயும், எல்லாக் குழாய்த் தண்ணீரிலும் கொஞ்சம் தாது இருக்கும். அவருடைய பாட்டிலில் இருந்தது தாது எடுக்கப்பட்ட ஆர்.ஓ. தண்ணீர், அதனால் கம்பி கரையவில்லை. பெரியம்மா வாங்கிய சாஃப்ட்னரிலிருந்து வரும் தண்ணீரில் அதே மெஷினை இறக்கினாலும் பழுப்பாகத்தான் ஆகும், ஏனென்றால் சாஃப்ட்னர் தாதுவைக் குறைப்பதில்லை, ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கிறது. இதை யாராவது முதலிலேயே அவருக்குச் சொல்லியிருந்தால் நாலாயிரம் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஆட்கள் "உப்புத் தண்ணி" என்று ஒரே வார்த்தையில் இரண்டு வேறு விஷயங்களைச் சொல்கிறோம். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும் தண்ணீர் ஒன்று, அதில் சோடியமும் குளோரைடும் அதிகம். சோப்பு நுரைக்காமல், கெட்டில் அடியில் வெள்ளையாகப் படிந்து, பருப்பு எவ்வளவு கொதித்தாலும் மசியாமல் நிற்கிற தண்ணீர் இன்னொன்று, அதுதான் கடின நீர். அதில் இருப்பது கால்சியமும் மக்னீசியமும். பருப்பின் தோலிலும் சதையிலும் இருக்கும் பெக்டினோடு கால்சியம் ஒட்டிக்கொண்டு அதை இறுக்கிவிடுவதால்தான் பருப்பு வேகமாட்டேன் என்கிறது. சாஃப்ட்னர் தீர்ப்பது இந்த இரண்டாவது பிரச்சினையை மட்டும். உப்புக் கரிக்கும் தண்ணீரை அது நல்ல தண்ணீராக மாற்றாது. மண், துரு, குளோரின் வாடை, கிருமி எதையும் எடுக்காது.

இப்போது கோலாலம்பூருக்கு வருவோம். நகரத்துக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை இருக்கிறது, பத்துமலையும் அதே சுண்ணாம்புப் பாறைதான். குகைக்குள் நின்று மேலே பார்த்தால் கூரையிலிருந்து தொங்குகிற கல் விழுதுகள் எல்லாம், மழைத் தண்ணீர் பாறையைக் கரைத்துக்கொண்டு வந்து சொட்டுச் சொட்டாக விட்டுப்போன சுண்ணாம்பு. இதைப் பார்த்துவிட்டு "நம்ம ஊர் தண்ணி ரொம்ப சுண்ணாம்பு" என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் உங்கள் வீட்டுக் குழாயில் வருவது பெரும்பாலும் அந்தப் பாறைக்குள்ளிருந்து வரும் தண்ணீர் இல்லை. நகரத்துக்குத் தண்ணீர் தரும் சுங்கை சிலாங்கூர், லங்காட் ஆறுகள், கிள்ளான் கேட்ஸ் அணை எல்லாமே தித்திவங்சா மலைப்பக்கம் விழும் மழையை நம்பியவை. அந்த மலை பெரும்பாலும் கருங்கல், கருங்கல்லில் கரைவதற்குச் சுண்ணாம்பு அதிகம் கிடையாது. அதனால் குழாய்த் தண்ணீர் பொதுவாக மென்மையாகவே வருகிறது. பினாங்கிலும் இதே கதைதான், தீவு கருங்கல், தண்ணீரில் பெரும்பங்கு சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருகிறது.

அப்படியென்றால் சாஃப்ட்னர் யாருக்குத் தேவை? கிணறு, போர் போட்டவர்களுக்கு. பத்துமலை, கோம்பாக் சுற்றிய சுண்ணாம்பு மண்ணில் குழாய்க் கிணறு வைத்திருப்பவர்கள், ஈப்போவில் குன்றுகளுக்கு நடுவே வீடோ தோட்டமோ வைத்திருப்பவர்கள், பெர்லிஸ், லங்காவி பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள். சிலாங்கூரில் கார் கழுவும் கடை, டோபி மாதிரி வியாபாரத்துக்கு நிலத்தடி நீர் எடுக்க நினைத்தால் லுவாஸ் (சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியம்) அனுமதியையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கிணறு வெட்டியபின் யோசிக்கிற விஷயம் அது இல்லை.

சரி, உங்கள் தண்ணீர் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? மீன் தொட்டி விற்கும் கடைக்குப் போங்கள். "ஜி.எச். டெஸ்ட் கிட்" என்று கேளுங்கள், ஒரு சின்ன சோதனைக் குழாயும் ஒரு மருந்துப் பாட்டிலும் தருவார்கள். மீன் வளர்ப்பவர்கள் தண்ணீரின் கடினத்தன்மையை அளக்க வைத்திருப்பது, நமக்கும் அதே அளவுதான் வேண்டும். குழாயில் 5 மில்லி கோட்டுவரை தண்ணீர் பிடித்து, மருந்தை ஒவ்வொரு சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் மூடி குலுக்க வேண்டும். என்னிடம் இருப்பதில் முதலில் ஆரஞ்சு நிறம் வந்து, கடைசியில் பச்சையாக மாறும், சில கம்பெனிகளுடையது சிவப்பிலிருந்து பச்சையாகும். எத்தனையாவது சொட்டில் நிறம் மாறுகிறதோ, அதை 17.8-ஆல் பெருக்கினால் ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கடினத்தன்மை என்று வந்துவிடும். சொட்டு விடும்போது பாட்டிலை நேராகப் பிடியுங்கள், சாய்த்தால் சொட்டு சிறியதும் பெரியதுமாக விழுந்து கணக்கு கெடும்.

பெரியம்மா வீட்டுச் சமையலறையில் இரண்டாவது சொட்டிலேயே பச்சை வந்துவிட்டது. 36 மில்லிகிராம். 60-க்குக் கீழே இருந்தால் மென்னீர், 120 வரை ஓரளவு, 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம் என்று பொதுவாக வகுத்திருக்கிறார்கள். ஆக அந்த வீட்டில் சாஃப்ட்னருக்கு வேலையே இல்லை. அவரைத் தொந்தரவு செய்தது வெள்ளைத் துணி மஞ்சளாவதும் வாளி அடியில் தங்கும் மண்ணும், அது பழைய குழாய்த் துருவும் தண்ணீர் தடைபட்டுத் திரும்ப வரும்போது அடித்து வரும் கலங்கலும். அதற்கு மீட்டருக்கு அருகே வைக்கிற மணல் ஃபில்டர் போதும், விலையும் குறைவு.

அதே வாரம் பெரியம்மாவின் மூத்த மகன், எனக்கு அண்ணன் முறை, பத்துமலைக்குப் பின்பக்கம் அவர் குடியிருக்கும் வீட்டில் சோதித்தோம். அங்கே போர் தண்ணீர். எட்டு, ஒன்பது, பத்து என்று எண்ணிக்கொண்டே போக, "மருந்து தீர்ந்துடப் போகுது தம்பி" என்றார் அண்ணி. பதினாறாவது சொட்டில்தான் மாறியது. 285 மில்லிகிராம். அவர் வீட்டுக் கெட்டிலுக்குள் விரலை விட்டால் அடி முழுக்க முட்டை ஓடு மாதிரி ஒரு படிவு, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வரும். கொஞ்சம் வினிகர் ஊற்றியதும் சுர்ரென்று பொங்கிக் கரைந்தது. சுண்ணாம்பு என்றால் அப்படித்தான் பொங்கும், வேறு கறையாக இருந்தால் சும்மா இருக்கும். குடிநீருக்கு மலேசியத் தரம் 500 வரை அனுமதிக்கிறது, அதனால் 285 உடம்புக்கு ஆபத்து இல்லை. ஆனால் வாட்டர் ஹீட்டருக்கும் வாஷிங் மெஷினுக்கும் ஆபத்துதான்.

டி.டி.எஸ். பேனா என்று ஒன்றை வைத்துப் பயமுறுத்துவார்கள், அதை நம்பி எதையும் வாங்காதீர்கள். அது தண்ணீரில் மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று மின்சாரம் பாய்வதை வைத்து ஊகிக்கும், அது கால்சியமா சோடியமா என்று அதற்குத் தெரியாது. பெரியம்மா வீட்டு சாஃப்ட்னருக்கு முன்னும் பின்னும் பேனாவை விட்டுப் பார்த்தேன், எண் ஏறக்குறைய அதேதான்.

கடினம் உறுதியாகிவிட்டது, ஆனால் இன்னும் கடைக்குப் போகாதீர்கள். போர் தண்ணீரில் இரும்பு இருக்கிறதா என்று பாருங்கள், இதை விட்டுவிட்டுத்தான் பலர் சாஃப்ட்னருக்குள் வேலை செய்யும் மணிகளான ரெசினைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வெள்ளை வாளியில் பம்ப்பிலிருந்து நேராகத் தண்ணீர் பிடித்து ராத்திரி முழுக்கத் திறந்து வையுங்கள். பிடிக்கும்போது பளிங்கு மாதிரி இருந்த தண்ணீர் காலையில் டீ நிறத்தில் இருந்தால், அடியில் செந்தூள் படிந்திருந்தால், இரும்பு. அது ரெசின் மணிகள்மேல் பூச்சு மாதிரி ஒட்டி, உப்பு போட்டுக் கழுவினாலும் போகாமல், ஒன்றிரண்டு வருடத்தில் மெஷினையே பயனற்றதாக்கிவிடும். தரத்தில் சொல்லும் 0.3 மில்லிகிராமைத் தாண்டினால் இரும்பு எடுக்கும் ஃபில்டர் முதலில், சாஃப்ட்னர் அதற்குப் பின். வரிசை மாறக்கூடாது. போர் தண்ணீர் குடிக்கவும் பயன்படுகிறது என்றால் ஒரு தடவையாவது அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் முழுச் சோதனை செய்துவிடுங்கள், கிருமி இருக்கிறதா என்று சொட்டு மருந்து சொல்லாது.

மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் தேர்ந்தெடுப்பது சுலபம். உயரமான தொட்டிக்குள் மீன் முட்டை அளவில் தேன் நிற மணிகள் இருக்கும், அதுதான் ரெசின். அந்த மணிகள் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கடின நீர் வந்தால் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விட்டுவிடும். எல்லா மணியும் கால்சியத்தால் நிரம்பிவிட்டால் பக்கத்துத் தொட்டியிலிருந்து கெட்டியான உப்புக் கரைசலை இழுத்து, கால்சியத்தைத் தள்ளி லோங்காங்கில் (சாக்கடையில்) விட்டு, மறுபடி சோடியத்தோடு தயாராகும். இதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறார்கள். ஆக நீங்கள் வாங்குவது ரெசின், அதை இயக்கும் வால்வு, இந்த இரண்டும்தான். பளபளப்பான மூடியும் நீல விளக்கும் கணக்கில் சேராது.

எத்தனை லிட்டர் ரெசின் வேண்டும்? அண்ணன் வீட்டைக் கணக்கிட்டுக் காட்டுகிறேன், உங்கள் எண்ணை அதில் போட்டுக்கொள்ளுங்கள். ஆறு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 லிட்டர் வைத்தால் 1,200 லிட்டர். லிட்டருக்கு 285 மில்லிகிராம் என்றால் ஒரு நாளைக்கு 342 கிராம் கடினத்தன்மையை எடுக்க வேண்டும். ஒரு லிட்டர் ரெசின், உப்பைச் சிக்கனமாகப் போட்டுக் கழுவினால், சுமார் 45 கிராம் வரை பிடிக்கும். 30 லிட்டர் ரெசின் என்றால் 1,350 கிராம், கிட்டத்தட்ட நாலு நாள். ஒவ்வொரு கழுவலுக்கும் லிட்டர் ரெசினுக்கு 100 கிராம் அளவில் உப்பு, அதாவது 3 கிலோ, மாதம் ஏழெட்டுத் தடவை, 25 கிலோ மூட்டை ஒன்று ஒரு மாதத்துக்குச் சரியாகப் போகும். மூன்றிலிருந்து ஏழு நாளுக்கு ஒருமுறை கழுவுகிற அளவு நல்ல அளவு. தினமும் கழுவ வேண்டிய அளவுக்குச் சின்னது வாங்கினால் தண்ணீரும் உப்பும் வீண், பத்துப் பதினைந்து நாள் கழுவாமல் நிற்கும் அளவுக்குப் பெரியது வாங்கினால் ரெசின் இறுகி அழுக்குச் சேரும்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்: "உள்ளே எத்தனை லிட்டர் ரெசின்?" இதற்கு நேராகப் பதில் சொல்லாமல் "ஆறு பேர் குடும்பத்துக்குப் போதும் பாஸ்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஆறு பேர் குடும்பம் 100 மில்லிகிராம் தண்ணீரில் இருப்பது வேறு, 300-இல் இருப்பது வேறு.

அடுத்தது வால்வு. நாள் கணக்கில் கழுவுகிற டைமர் வால்வு விலை குறைவு, ஆனால் நீங்கள் தீபாவளிக்கு ஒரு வாரம் ஊருக்குப் போயிருந்தாலும் அது பாட்டுக்கு உப்பைக் கரைத்துக்கொண்டிருக்கும், வீட்டில் விருந்தாளி நிறைந்திருக்கும்போது கழுவாமல் விட்டுவிடும். எத்தனை லிட்டர் ஓடியது என்று அளந்து கழுவுகிற மீட்டர் வால்வையே வாங்குங்கள், கூடுதல் விலையை உப்பு மிச்சமே ஈடுகட்டும். உதிரிப்பாகம் உள்ளூரில் கிடைக்கிற வால்வா என்று கேளுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் இடி மின்னலுக்குக் குறைவில்லை, வால்வின் அடாப்டர் ஒரு நாள் போகத்தான் செய்யும். சர்ஜ் பாதுகாப்பு உள்ள பிளக்கில் மாட்டுங்கள், மாற்று அடாப்டர் எங்கே கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்து வையுங்கள்.

எங்கே பொருத்துவது என்பதில்தான் நம் நாட்டு வீடுகளில் பெரிய தவறு நடக்கிறது. நம் தெரஸ் வீடுகளில் மீட்டரிலிருந்து வரும் குழாய் நேராகக் கூரைத் தொட்டிக்கு ஏறும், அங்கிருந்து குளியலறைக்கெல்லாம் இறங்கும். கூரைத் தொட்டிக்குப் பிறகு சாஃப்ட்னர் வைத்தால் அது ஓடாது. உப்புக் கரைசலை உறிஞ்சுவதற்கு வால்வுக்கு அழுத்தம் வேண்டும், பெரும்பாலான வால்வுகளுக்குக் குறைந்தது 1.4 பார். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீருக்கே ஒரு பார்தான், கூரைத் தொட்டி உங்கள் ஷவருக்கு மேல் மூன்று நாலு மீட்டர்தான் இருக்கும். ஹார்ட்வேர் கடையில் ஒரு பிரஷர் கேஜ் வாங்கி வாசல் குழாயில் மாட்டிப் பாருங்கள், காலையில் எல்லோரும் குளிக்கும் நேரத்தில் பார்த்த எண்தான் நிஜ எண். கொண்டோவில் மேல் மாடி என்றால் அழுத்தத்தை அளக்காமல் பணம் கட்டவே கட்டாதீர்கள்.

அதனால் தொட்டிக்கு ஏறும் குழாயிலேயே வையுங்கள், அதில் இன்னொரு வசதியும் உண்டு. பல வீடுகளில் சமையலறைக் குழாய் மட்டும் மீட்டரிலிருந்து நேராக வரும், தொட்டித் தண்ணீர் அல்ல. அந்தக் கிளைக்குப் பிறகு சாஃப்ட்னரை வைத்தால் குடிக்கிற, சமைக்கிற தண்ணீர் தானாகவே அப்படியே நின்றுவிடும். இது ஏன் முக்கியம் என்றால், 100 மில்லிகிராம் கடினத்தன்மையை எடுக்கும்போது 46 மில்லிகிராம் சோடியம் சேர்கிறது. அண்ணன் வீட்டுக் கணக்கில் லிட்டருக்கு 131 மில்லிகிராம். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் சோடியம் இருக்கட்டும் என்கிறது, இரண்டு லிட்டர் குடித்தால் அதில் எட்டில் ஒரு பங்கு தண்ணீரிலேயே போய்விடும். பிளட் பிரஷர் இருப்பவர்கள், குழந்தைக்குப் பால் மாவு கரைப்பவர்கள் சாஃப்ட்னர் தண்ணீரைப் பயன்படுத்த வேண்டாம். சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் உப்பு போடலாம் என்பார்கள், வீட்டில் சிறுநீரகக் கோளாறு உள்ளவர் இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் அதைத் தொடாதீர்கள். பருப்புக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் ஒரு பானை மென்னீரைக் குளியலறையிலிருந்து பிடித்து வேக வைப்பதைவிட, சமையலறைக்கு ஒரு சின்ன ஆர்.ஓ. வைப்பது நல்லது. வாசலில் கறிவேப்பிலை, மல்லிகைக்கு ஊற்றுகிற குழாயும் சாஃப்ட்னருக்கு முன்னாலேயே இருக்கட்டும், சோடியம் மண்ணைக் கெடுக்கும்.

பைபாஸ், அதாவது தண்ணீரை சாஃப்ட்னருக்குள் விடாமல் சுற்றி அனுப்பும் குழாய், இல்லாமல் பொருத்த விடாதீர்கள். தண்ணீர் தடைபட்டுத் திரும்ப வரும் நாளில் முதலில் பைபாஸைத் திருப்பி, வாசல் குழாயைத் திறந்துவிட்டுக் கலங்கல் தெளிந்தபின்தான் சாஃப்ட்னருக்குள் விட வேண்டும். கழிவுக் குழாய் லோங்காங்கில் முங்காமல் கொஞ்சம் மேலே நிற்கட்டும், இல்லாவிட்டால் அழுக்கு உள்ளே ஏறலாம். வெயில் நேராக அடிக்கும் இடத்தில் தொட்டியை வைக்காதீர்கள். பொதுக் குழாயோடு இணைக்கிற சாமான் என்பதால் ஸ்பான் (தேசிய நீர்ச் சேவை ஆணையம்) அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள், என்.எஸ்.எஃப். 44 என்று சான்றிதழ் இருந்தால் அது சாஃப்ட்னருக்கே உரிய தரம், இன்னும் நல்லது.

கடின நீருக்கு என்று குழாயில் காந்தம் சுற்றுகிற, ஆன்டெனா மாதிரி ஒயர் சுற்றுகிற சாமான்களுக்கு நான் ஒரு வெள்ளி கொடுக்க மாட்டேன். உப்பில்லா கண்டிஷனர் என்று வேறொரு வகை உண்டு, அதில் ஒரு சில படிவு ஒட்டாமல் தடுக்கும், ஆனால் கால்சியம் தண்ணீரிலேயேதான் இருக்கும், சோப்பு நுரைக்காது, பருப்பு மசியாது. ஹீட்டரை மட்டும் காப்பாற்ற வேண்டும் என்பவர்கள் யோசிக்கலாம்.

உப்பு விஷயத்தில் ஒன்று. சமையல் தூள் உப்பைக் கொட்டாதீர்கள், மாத்திரை மாதிரி வரும் சாஃப்ட்னர் உப்பை வாங்குங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் உப்பு மேலே பாலம் கட்டிக்கொண்டு கீழே வெற்றிடமாக நிற்கும், பார்த்தால் தொட்டி நிறைய உப்பு, ஆனால் ஒரு துளி கரைந்திருக்காது. அண்ணன் வீட்டில் சாஃப்ட்னர் பொருத்திய பிறகு அப்படித்தான் ஆனது. உப்பு குறையவே இல்லையே என்று அண்ணி சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார், கெட்டிலில் மறுபடி வெள்ளை வந்தபோதுதான் விளக்குமாற்றுக் கட்டையால் குத்திப் பார்த்தோம், பொலபொலவென்று உள்ளே விழுந்தது.

பொருத்திய அன்று குளித்தால் சோப்பு போகாத மாதிரி வழவழப்பாக இருக்கும், அது சரிதான், சோப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த மீன் கடை மருந்தைத் தூக்கிப் போடாதீர்கள். மாதம் ஒருமுறை குளியலறைத் தண்ணீரை 5 மில்லி பிடித்து ஒரே ஒரு சொட்டு விடுங்கள், உடனே பச்சையானால் எல்லாம் ஒழுங்கு. மூன்று நாலு சொட்டு கேட்டால் முதலில் உப்புத் தொட்டியைக் குத்திப் பாருங்கள், அப்புறம் பைபாஸ் யாராவது திருப்பிவிட்டார்களா என்று பாருங்கள், அதற்குப் பிறகு ஆளைக் கூப்பிடலாம்.